வழி கேட்டு நடத்தல்

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் காரக்கோணம். ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் மரச்சீனி விளையும் நிலங்களும் சூழ்ந்த ஊர் அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவுகளும் சந்தைகளும் மொழிகளும் இன்றுவரை கலந்தே இருக்கின்றன. ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் ஒலிக்கின்றன.

இவ்வூரில் ஒரு மருத்துவக் கல்லூரி உள்ளது. அது டாக்டர் சாமர்வெல் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தியோடர் ஹோவர்டு சாமர்வெல் இங்கிலாந்தில் 1890ஆம் ஆண்டு பிறந்த அறுவை மருத்துவர்; சிறந்த மலையேற்ற வீரரும் ஆவார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டுச் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆங்கிலேயர் குழுக்களில் அவர் இடம்பெற்றிருந்தார். 1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்தபின் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்போது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தனர். அவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்யத் தகுதி பெற்றவராக அங்கிருந்த மருத்துவர் பியூ, ஓய்வின்றி உழைத்துக் களைத்திருந்தார். இலண்டனில் பெரும் புகழும் வருவாயும் தரக்கூடிய வாழ்க்கை சாமர்வெல்லுக்குக் காத்திருந்தது. அவரோ அதனை விடுத்து, நெய்யூரையே தம் பணியிடமாகத் தேர்ந்தெடுத்தார். பிற்காலத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

ஒருவர் தம் தொழிலைத் தேர்ந்துகொள்வதற்கு நூலறிவு மட்டும் போதாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அத்தொழிலில் ஈடுபட்டிருப்பவரை நேரில் காண வேண்டும். அவருடைய உழைப்பையும் தேவையையும் அறிய வேண்டும். அவரோடு பேச வேண்டும். அவ்வாறு பேசிப் பயன்பெறும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வழிகாட்டி என்பவர் யார்?

ஒரு தொழிலைத் தாமே செய்து, அதன் நன்மையும் துன்பமும் அறிந்து, அத்துறைக்கு வர விரும்பும் இளையோருக்கு அறிவுரை கூறுபவரே தொழில் வழிகாட்டி ஆவார். அவர் ஆசிரியராகவும் இருக்கலாம். ஆசிரியர் அல்லாதவராகவும் இருக்கலாம். ஆசிரியர் ஒரு வகுப்பிலுள்ள அனைவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பிக்கிறார். வழிகாட்டியோ ஒரே ஒருவரின் விருப்பம், திறமை, குடும்ப நிலை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவருக்கு ஏற்ற வழியைக் கூறுகிறார்.

வழிகாட்டியாக விளங்குவதற்குப் பெரும் பதவி தேவையில்லை. ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அங்கே மருத்துவர் மட்டுமா பணியாற்றுகிறார்? செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகத் தொழில்நுட்பர், எக்ஸ்ரே எடுப்பவர், கணக்கர், மின்பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எனப் பலர் உழைக்கின்றனர். இவர்களுள் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைப் பற்றிக் கூறுவதற்குத் தகுதி உடையவரே. மருத்துவத் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர், மருத்துவர் ஒருவரை மட்டுமே தேடி அலைவது தம் வழியைத் தாமே குறுக்கிக்கொள்வதாகும்.

நன்னூல் காட்டும் நெறி

கற்றவரை அணுகிக் கேட்கும் முறையைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்திற்கு முன்பே சிந்தித்துள்ளனர். திருக்குறளில் 'கேள்வி' என்பது 42ஆம் அதிகாரம். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்பது 45ஆம் அதிகாரம். செவியால் பெறும் அறிவைச் செல்வம் என வள்ளுவர் போற்றுகிறார்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். அதன் பாயிரப் பகுதியில் ஆசிரியர், மாணவர் ஆகியோரின் இயல்புகள் கூறப்படுகின்றன. அங்கே மாணவர் மூவகையினராகப் பிரிக்கப்படுகின்றனர். அன்னத்தையும் பசுவையும் போன்றவர் முதல் மாணவர். மண்ணையும் கிளியையும் போன்றவர் இடை மாணவர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றைப் போன்றவர் கடை மாணவர். பன்னாடையால் நெய்யை வடிகட்டினால் தூய நெய் ஒழுகிவிடும், கசடே தங்கும். அதுபோல, நல்ல கருத்தை விட்டுவிட்டுப் பயனற்றதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவர் கடை மாணவர். பசுவோ கிடைக்கும் இடத்தில் நிறைய மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுகிறது. கேட்டதை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு அது நல்ல உவமை ஆகும்.

ஆசிரியரிடம் எவ்வளவு நெருக்கமாகப் பழகலாம் என்பதற்கும் நன்னூல் ஓர் அளவு தருகிறது. குளிர் காய்பவர் நெருப்பை விட்டு மிக விலகினால் வெப்பம் கிட்டாது. மிக நெருங்கினால் சுடும். வழிகாட்டியிடமும் இவ்வளவை அறிந்து பழக வேண்டும். அச்சத்தால் ஒதுங்கி நிற்பதும் தவறு. நேரம் காலம் பாராது தொல்லை தருவதும் தவறு.

ஆசிரியர் கூறியதை முழுவதும் உள்வாங்கிக் கொண்டாலும் புலமையில் நான்கில் ஒரு பங்கே கிட்டும் என்று நன்னூல் கூறுவது சிறப்பாகக் கருதத்தக்கது. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு பங்கு கிட்டும். எஞ்சிய இரு பங்கும், கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் கிட்டும். ஆகவே வழிகாட்டியின் சொல் ஒரு தொடக்கமே ஆகும். அச்சொல்லைக் கொண்டு மாணவர் செய்யும் முயற்சியே முழுப் பயனைத் தரும்.

இராமானுசன் கண்ட வழிகாட்டிகள்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மனம் செலுத்தியதால், கல்லூரியில் பிற பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. பட்டம் இல்லை; வேலையும் இல்லை. அவரிடம் இருந்தவை கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

1910ஆம் ஆண்டளவில் அவர் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் காணச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவரே. வருவாய்த் துறை அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை வேண்டும் என இராமானுசன் கேட்டார். தம் குறிப்பேடுகளையும் காட்டினார். இராமசாமி ஐயர் அவற்றைப் பார்த்து வியந்தார். இத்தகைய அறிவைக் கடைநிலை எழுத்தர் பணியில் முடக்கிவிட அவர் விரும்பவில்லை. ஆகவே கேட்ட வேலையைத் தராமல், சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்து அனுப்பினார். மாணவர் கேட்டதை விடச் சிறந்த ஒன்றை வழிகாட்டி காண்பதும் உண்டு. கேட்டது கிடைக்கவில்லையே என்று சோர்வடைந்திருந்தால் இராமானுசனின் பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

அக்கடிதங்களின் வழியே அவர் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவும் கணிதத்தில் ஈடுபாடு உடையவர். எனினும் குறிப்பேடுகளில் இருந்தவை உண்மையான கண்டுபிடிப்புகளா, பொருளற்ற எழுத்துகளா என்று முதலில் அவரால் துணிய முடியவில்லை. இராமானுசன் மனம் தளராமல் மீண்டும் சென்றார். தம் முடிவுகளில் எளியவற்றை முதலில் விளக்கினார். பின்னர்ப் படிப்படியாகக் கடினமானவற்றை எடுத்துரைத்தார். ராவின் ஐயம் நீங்கியது. என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, உணவுக் கவலையின்றி ஆராய்ச்சி செய்வதற்கு வேண்டிய சிறு உதவி போதும் என்று இராமானுசன் கூறினார். ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்து வந்தார்.

இச்சந்திப்பில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. கேட்பவருக்குப் புரியும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது ஒன்று. தமக்கு வேண்டியது எது, எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 'ஏதாவது உதவி செய்யுங்கள்' என்று கேட்பவருக்கு உதவுவது கடினம். இன்னது வேண்டும் என்று கூறுபவருக்கு உதவுவது எளிது.

1912ஆம் ஆண்டு இராமானுசன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். அலுவல் முடிந்தபின் இருவரும் சிலேட்டுகளில் கணக்குகள் போட்டுப் பார்ப்பது வழக்கம். இராமானுசன் இடைப்படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிடுவார். தமக்கே புரியாத ஒன்றைப் பிற அறிஞர்கள் எவ்வாறு ஏற்றுக்கொள்வர் என்று நாராயண ஐயர் அவரிடம் எடுத்துக் கூறினார். படிகளை விரித்து எழுதுமாறு வற்புறுத்தினார்.

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இராமானுசன் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இரு ஆங்கிலேயக் கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டி மறுமொழி எழுதினார். முடிவுகளுக்கான நிறுவல்களைக் கேட்டார். நாராயண ஐயர் சுட்டிக்காட்டிய அதே குறையை ஹார்டியும் சுட்டினார். 1914ஆம் ஆண்டு இராமானுசன் இங்கிலாந்து சென்றார். 1918ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இராமானுசனை உயர்த்தியவர் ஹார்டி ஒருவரே எனப் பலர் எண்ணுகின்றனர். ஆயின் ஹார்டியிடம் அவரைக் கொண்டுசேர்த்தவை திருக்கோவிலூரிலும் சென்னையிலும் நடந்த உரையாடல்களே. ஒரு வழிகாட்டி மற்றொரு வழிகாட்டியிடம் அனுப்புகிறார். எனவே ஒவ்வோர் உரையாடலின் முடிவிலும், 'இதைப் பற்றி இன்னும் யாரிடம் கேட்கலாம்?' என்று வினவுவது பெரும்பயன் தரும்.

உரையாடலுக்கு முன்

வழிகாட்டியின் நேரம் அரிது. அதனைப் பயனுள்ளதாக்கும் பொறுப்பு மாணவருடையதே. ஆதலின் சந்திப்பதற்கு முன் சில ஆயத்தங்கள் தேவை.

முதலாவது, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவித்து, அவர்கள் அறிந்த ஒருவரை, அவர்கள் அறிந்த இடத்தில் சந்திக்க வேண்டும். இளையோர் இதனைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது, நூல்களிலும் இணையத்திலும் எளிதில் அறியக்கூடியவற்றை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். செவிலியர் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். மருத்துவப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டுகள், அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. அதில் சேர 'நீட்' தேர்வில் தகுதி பெற வேண்டும். இத்தகைய செய்திகளை வழிகாட்டியிடம் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. நூலில் இல்லாதவற்றையே அவரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, வினாக்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து வினாக்கள் போதும். அவற்றுள் மிக இன்றியமையாததை முதலில் எழுத வேண்டும். நேரம் குறைந்தாலும் அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

வினாவின் தன்மையே விடையின் தன்மையை முடிவு செய்கிறது. 'செவிலியர் வேலை நல்லதா?' என்று கேட்டால், 'நல்லது' என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும். 'இரவுப் பணியில் உங்களுக்கு மிகக் கடினமாக இருப்பது எது?' என்று கேட்டால், அத்தொழிலின் உண்மை நிலை வெளிப்படும். 'நான் என்ன படிக்கலாம்?' என்ற வினாவுக்கு எவராலும் விடை கூற இயலாது. 'எனக்கு உயிரியல் பிடிக்கும். ஆனால் இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறது. மருத்துவத் துறையில் எனக்கு ஏற்ற பணி உண்டா?' என்று கேட்டால், மருந்தகம், மருத்துவப் பதிவேடு எனப் பல வழிகள் புலப்படும்.

உரையாடும்போது

குறித்த நேரத்திற்குச் சற்று முன்னதாகவே செல்ல வேண்டும். வணக்கம் கூறித் தம் பெயர், வகுப்பு, வந்த நோக்கம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பெரியோரை 'நீங்கள்' என்றே அழைத்தல் தமிழ் மரபு. ஐயா, அம்மா, அண்ணன், அக்கா என வயதுக்கும் பழக்கத்திற்கும் ஏற்ப அழைக்கலாம். எல்லைப்புற ஊர்களில் மலையாளம் பேசும் செவிலியரைச் 'சேச்சி' என்று தமிழ்க் குழந்தைகளும் அழைக்கின்றனர். அதுவும் மதிப்பும் அன்பும் கலந்த சொல்லே.

வழிகாட்டி பேசும்போது இடைமறிக்கக் கூடாது. அவர் ஒரு கருத்தை முடித்தபின், 'நீங்கள் கூறியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன், சரியா?' என்று கேட்கலாம். இதனால் பிழையான புரிதல் அப்போதே திருத்தப்படும். புரியாத சொல் வந்தால் நாணாமல் பொருள் கேட்க வேண்டும். புரிந்ததுபோல் தலையசைப்பவர், ஓட்டைக்குடத்தில் நீர் மொண்டவராவார்.

வெற்றியை மட்டும் கேட்டால் போதாது. 'இத்தொழிலுக்கு வந்தபின், முன்பே தெரிந்திருக்கலாமே என்று நீங்கள் நினைத்தது எது?' என்னும் வினா மிகுந்த பயன் தரும். அவர் கண்ட தடைகளும் அவற்றை அவர் கடந்த விதமும் அதற்கான விடையில் வெளிப்படும். முடிந்தால், பணி நடக்கும் இடத்தைப் பார்க்க அனுமதி கேட்கலாம். நெய்யூரில் சாமர்வெல்லின் மனத்தை மாற்றியது அவர் கண்ணால் கண்ட காட்சியே அன்றோ!

முதன்மையான செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதலாமா என்று முன்னரே கேட்பது பண்பு. குறித்த நேரம் முடிந்ததும் நன்றி கூறி விடைபெற வேண்டும்.

உரையாடலுக்குப் பின்

பசு அசைபோடுவது போலக் கேட்டவற்றை அன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். குறிப்புகளைத் தெளிவாகத் திருத்தி எழுத வேண்டும். அவற்றுள் உடனே செய்யத்தக்க ஒன்றைத் தேர்ந்து, அதனைச் செய்து முடிக்க வேண்டும். ஒரு நூலைப் படிக்குமாறு கூறியிருந்தால் அதனைப் படிக்க வேண்டும். ஒருவரைச் சந்திக்குமாறு கூறியிருந்தால் சந்திக்க வேண்டும்.

அதன்பின் அதனை வழிகாட்டியிடம் தெரிவிக்க வேண்டும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். தாம் கூறியதை ஒரு மாணவர் செய்து முடித்தார் என்று அறியும்போது வழிகாட்டிக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. மேலும் உதவும் ஆர்வமும் பிறக்கிறது. இரண்டாம் சந்திப்பு இவ்வாறுதான் அமைகிறது. ஒரு முறை பேசியதோடு நின்றுவிட்டால் அஃது அறிமுகமே. தொடர்ந்து பேசி, செய்து, மீண்டும் பேசுவதே வழிகாட்டல்.

கண்டிப்பும் துணையும்

வழிகாட்டி எப்போதும் இனிமையாகவே பேசுவார் என எதிர்பார்த்தல் கூடாது. இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றபோது ஒரு விமான வடிவமைப்புப் பணியில் ஈடுபட்டிருந்தார். அப்பணியின் நிலையைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் நிறைவடையவில்லை. மூன்று நாளில் வரைபடத்தை முடிக்காவிடில் கல்வி உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தார். உதவித்தொகை இன்றேல் கலாமால் படிப்பைத் தொடர இயலாது. அவர் உணவும் உறக்கமும் மறந்து உழைத்தார். பணி முடியும் நிலையில் பேராசிரியரே வந்து பார்த்து அவரைப் பாராட்டினார். அக்கண்டிப்பு, தம் திறனின் எல்லையைக் கலாமுக்கு உணர்த்தியது.

பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய கலாம், எஸ்.எல்.வி.3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநரானார். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் நடந்த முதல் ஏவுதல் தோல்வியுற்றது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவன், செய்தியாளர்களைத் தாமே சந்தித்தார். தோல்விக்கான பொறுப்பைத் தாம் ஏற்றார். 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ஏவுகலம் வெற்றி பெற்று, ரோகிணி செயற்கைக்கோளை வட்டப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்குமாறு கலாமை அனுப்பினார் தவன்.

கண்டிப்பு வேறு, இழிவுபடுத்துதல் வேறு. வேலையிலுள்ள குறையைச் சுட்டுபவர் வழிகாட்டி. ஆளையே குறைத்துப் பேசுபவர் வழிகாட்டி அல்லர். அத்தகையவரிடமிருந்து விலகுவதும், பெற்றோரிடம் அதனைக் கூறுவதும் தவறாகா.

அறிவுரையை எடைபோடுதல்

வழிகாட்டியின் சொல்லை மதிக்க வேண்டும். ஆனால் ஆராயாமல் ஏற்க வேண்டியதில்லை. அவர் தம் காலத்தையும் தம் அனுபவத்தையும் கொண்டு பேசுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த தேர்வு முறை இன்று மாறியிருக்கலாம். ஆகவே கட்டணம், தேர்வு, தகுதி ஆகியவற்றை உரிய அலுவலகத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரே வினாவை இருவரிடமோ மூவரிடமோ கேட்பதும் நன்று. அவர்கள் வேறுவேறு விடை கூறினால் குழம்ப வேண்டியதில்லை. ஏன் வேறுபடுகிறது என ஆராய்ந்தால் உண்மை தெளிவாகும். இறுதி முடிவு மாணவரும் குடும்பத்தாரும் சேர்ந்து எடுப்பதாகும்.

எல்லை கடந்து வாழ்வோர்க்கு

பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களில், கல்லூரிப் படிப்பைப் பற்றிக் கூறத்தக்க உறவினர் அருகில் இல்லாமல் இருக்கலாம். பெற்றோர்க்குப் புதிய மாநிலத்தின் நடைமுறைகள் முழுமையாகத் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே பிற மாணவரைக் காட்டிலும் இக்குழந்தைகளுக்கு வழிகாட்டியின் தேவை மிகுதி.

அவர்கள் முன்கூட்டியே கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொழிற்கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பிறப்பிடம், வசிப்பிடம், பள்ளியில் பயின்ற ஆண்டுகள் ஆகியவை அவ்விதிகளில் இடம்பெறுகின்றன. ஒரு மாநிலத்தில் பெற்ற சமூகச் சான்றிதழ் மற்றொரு மாநிலத்தில் அதே பயனைத் தரும் எனக் கூற இயலாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் இவற்றை அறிந்தால் காலம் கடந்துவிடும். மதிப்பெண் இருந்தும் இடம் இழக்க நேரிடலாம். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே, 'எந்த மாநிலத்தின் இடத்திற்கு எனக்குத் தகுதி உண்டு? எந்தச் சான்றிதழ்கள் தேவை?' என்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இடம்பெயர்வு குறையன்று என்பதற்கு அண்மையிலேயே சான்று உண்டு. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பாலராமபுரம் கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மரின் காலத்தில் தென்தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்களே அங்கு நெசவைத் தொடங்கின. குழித்தறியில் அமர்ந்து நெய்யும் அக்கலையை மூத்தோரின் அருகிலிருந்து கண்டும் கேட்டுமே இளையோர் கற்றனர். வந்த ஊரின் பெயரையே புகழ்பெறச் செய்தது அவர்களுடைய தொழில்.

இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ் பேசுவோரிடமும் மலையாளம் பேசுவோரிடமும் அக்குழந்தையால் வழி கேட்க இயலும். நோயாளியின் மொழியைப் பேசத் தெரிந்த செவிலியரை எந்த மருத்துவமனையும் வரவேற்கும். எல்லைப்புறத்தில் தமிழறிவும் ஒரு தொழில் தகுதியே ஆகும்.

வழி தெரியாமல் நிற்பது இழுக்கன்று. தெரிந்தவர் அருகில் இருந்தும் கேளாமல் நிற்பதே இழுக்கு. இன்று வழி கேட்பவர் நாளை வழி காட்டுபவராகிறார். பத்தாம் வகுப்பு மாணவர் எட்டாம் வகுப்பு மாணவருக்குத் தாம் அறிந்ததை எடுத்துரைக்கலாம். நன்னூல் கூறிய எஞ்சிய இரு பங்கு அவ்வாறு நிறைவுறும்.

சொற்பொருள்

ஆயத்தம் – முன்னேற்பாடு
இழுக்கு – குறை, இகழ்ச்சி
கசடு – அழுக்கு, குற்றம்
குழித்தறி – தரையில் தோண்டிய குழியில் கால்களை வைத்து நெய்யும் தறி
நிறுவல் – ஒரு முடிவு சரி என்பதைக் கணிதமுறைப்படி காட்டுதல்
பன்னாடை – தென்னை, பனை ஆகியவற்றின் மட்டையடியில் உள்ள வலை போன்ற பகுதி
பாயிரம் – நூலின் முன்னுரை
மொள்ளுதல் – நீரை முகந்தெடுத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காரக்கோணம் மருத்துவக் கல்லூரி யாருடைய பெயரால் வழங்குகிறது?
2. நன்னூல் கடை மாணவரை எவ்வெவற்றோடு ஒப்பிடுகிறது?
3. நாராயண ஐயர் இராமானுசனிடம் வற்புறுத்தியது யாது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. கேட்ட வேலையை இராமசாமி ஐயர் தராதது இராமானுசனுக்கு எவ்வாறு நன்மையாயிற்று?
2. 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் சதீஷ் தவன் நடந்துகொண்ட முறையிலிருந்து நல்ல வழிகாட்டியின் இயல்பை விளக்குக.

இ. கீழ்க்காணும் வினாக்களைப் பயனுள்ள வினாக்களாக மாற்றி எழுதுக.
1. மின்பணியாளர் வேலை கடினமா?
2. ஆசிரியர் ஆகலாமா?
3. உங்கள் வேலை உங்களுக்குப் பிடிக்குமா?

ஈ. செயல்திட்டம்
உங்கள் பெற்றோரோ ஆசிரியரோ அறிந்த ஒருவரின் தொழிலைத் தேர்ந்தெடுக்கவும். அவரிடம் கேட்க ஐந்து வினாக்கள் எழுதி, அவரைச் சந்தித்து, விடைகளைக் குறித்து வரவும். அறிந்த செய்திகளை வகுப்பில் ஐந்து நிமிடம் எடுத்துரைக்கவும். பின்னர் அவருக்குத் தமிழில் ஒரு நன்றிக் கடிதம் எழுதவும்.